விழித்திருத்தலும் ஆயத்தமாயிருத்தலும்

(க.பொ.த. சாதாரண தரம் – கத்தோலிக்க திருமறை, கிறிஸ்தவம் ஆகிய பாடங்களைக் கற்போருக்கு)



‘விழித்திருங்கள்’ என்னும் இயேசுவின் கட்டளையை விளக்குமாறு வினா வந்தால் பலரும் எழுதும் விடை ஒன்று உண்டு. உலக முடிவு எப்போது வரும் என்று தெரியாது, ஆகவே நாம் தூங்காமல் செபித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே அவ்விடை. இதன் முற்பகுதி சரி. பிற்பகுதியில்தான் புள்ளி போய்விடுகிறது. மத்தேயு 25:5 ஐத் திறந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பத்துக் கன்னியர் உவமையில் மணமகன் வரத் தாமதித்தபோது பத்துப் பேருமே கண்ணயர்ந்து தூங்கிவிட்டார்கள். அறிவற்ற ஐவர் மட்டும் தூங்கியதாக வேதாகமம் சொல்லவில்லை. அப்படியானால் விழிப்பு என்பது தூங்காதிருத்தல் அன்று என்பது தெளிவு. வேறு என்ன? இவ்வலகு முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான விடைதான்.

எண்ணெய் யாரிடம் இருந்தது?

உவமையின் பின்னணியை முதலில் விளங்கிக்கொள்வோம். யூதர்களின் திருமணக் கொண்டாட்டம் இரவில் நடைபெறும். மணமகன் வரும்போது மணமகளின் தோழியர் விளக்கேந்தி எதிர்கொண்டு சென்று வீட்டுக்கு அழைத்து வருவர். கையில் பிடிக்கும் சிறிய விளக்கு ஒருமுறை ஊற்றிய எண்ணெயில் நீண்ட நேரம் எரியாது. ஆகவே மேலதிக எண்ணெயைக் கலத்தில் கொண்டு செல்ல வேண்டும். அறிவுள்ள ஐவர் கொண்டு போனார்கள். மற்ற ஐவர் போகவில்லை. நள்ளிரவில் அழைப்புக் குரல் கேட்டபோது பத்துப் பேரும் எழுந்தார்கள், பத்துப் பேரும் திரியைச் சரிசெய்தார்கள். அந்த வேளை வரை இரு கூட்டத்தாருக்கும் இடையில் வெளியில் தெரியும் வேறுபாடு எதுவும் இல்லை. எல்லோர் கையிலும் விளக்கு, எல்லோரும் அழைக்கப்பட்டவர்கள், எல்லோரும் காத்திருந்தவர்கள். வேறுபாடு தூங்கப் போவதற்கு முன்னரே உண்டாகிவிட்டது. நள்ளிரவில் அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

2022 ஆம் ஆண்டில் மின்சாரம் இல்லாத இரவுகளையும் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்ற மீனவக் குடும்பங்களையும் கண்ட புத்தளக் கரையோரப் பிள்ளைகளுக்கு, எண்ணெய் தீர்ந்துபோவது என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. தேவை வந்த பின் தேடினால் கடை பூட்டியிருக்கும்.

வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது கேட்கும் கேள்வி: அறிவுள்ள கன்னியர் எண்ணெயைப் பகிர்ந்து கொடுக்க மறுத்தது சுயநலம் இல்லையா? நல்ல கேள்வி. உவமை எதைப் பற்றிப் பேசுகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். இங்கே எண்ணெய் என்பது இரவல் கொடுக்க முடியாத ஒன்று. பரீட்சைக்கு முதல்நாள் நண்பனின் கொப்பியை வாங்கலாம். அவன் ஓராண்டு இருந்து படித்ததை வாங்க முடியாது. அதுபோல ஒருவருடைய விசுவாசத்தையும் அன்புச் செயல்களையும் இன்னொருவர் கடைசி நேரத்தில் கடன் வாங்கிக்கொள்ள முடியாது. பகிர்வதை இயேசு விரும்பவில்லை என்று எவரும் எண்ணக்கூடாது. அதே 25 ஆம் அதிகாரத்தின் இறுதியில், பசித்தோருக்கு உணவும் ஆடையற்றோருக்கு உடையும் கொடுத்தவர்களே அவருடைய வலப்பக்கத்தில் நிற்கிறார்கள்.

இங்கே ஒரு முக்கியமான குறிப்பு. மத்தேயு 25 இல் மூன்று பகுதிகள் அடுத்தடுத்து வருகின்றன: பத்துக் கன்னியர், தாலந்துகள், இறுதித் தீர்ப்பு. முதல் உவமையில் எண்ணெய் என்றால் என்ன என்று நேரடியாகக் கூறப்படவில்லை. அடுத்த இரண்டும் அதை விளக்குகின்றன எனலாம். கிடைத்த தாலந்தைப் பயன்படுத்துவதும், தேவையில் இருப்பவரைக் கவனிப்பதுமே அந்த எண்ணெய். திருச்சபைத் தந்தையரும் ஏறக்குறைய இவ்வாறே விளக்கினர். புனித யோவான் கிறிசோஸ்தம் எண்ணெயை இரக்கச் செயல் என்றார். புனித அகுஸ்தீனார் அன்பு என்றார். இவ்விரண்டையும் விடையில் குறிப்பிடுவோர் குறைவு, நீங்கள் குறிப்பிடுங்கள்.

இரவின் நான்கு சாமங்கள்

மாற்கு 13:33-37 இல் உள்ள உவமை சிறியது. வீட்டுத் தலைவர் வெளியூர் செல்கிறார். போகும்போது ஒவ்வொரு பணியாளருக்கும் அவரவர் வேலையைக் கொடுக்கிறார். வாயில் காப்போனுக்கு விழித்திருக்கும்படி கட்டளையிடுகிறார். இதைக் கவனியுங்கள். இரவு முழுவதும் கண் விழித்திருக்க வேண்டியவன் ஒருவனே. மற்றவர்களுடைய விழிப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையைச் செய்வதில் இருக்கிறது. சமையற்காரனுக்குச் சமையல், தோட்டக்காரனுக்குத் தோட்டம், மாணவனுக்குப் படிப்பு. தாய் வெளிநாட்டில் வேலை செய்கின்ற வீட்டில் தம்பி தங்கையைக் குளிக்கவைத்துப் பாடசாலைக்கு அனுப்பும் அக்காவுக்கு அதுவே ஒப்படைக்கப்பட்ட வேலை.

தலைவர் வரக்கூடிய நேரங்களாக மாலை, நள்ளிரவு, சேவல் கூவும் வேளை, காலை என நான்கு கூறப்படுகின்றன. உரோமர் இரவை நான்கு காவல் வேளைகளாகப் பிரித்தனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். நம் முன்னோரும் இரவை நான்கு சாமமாகவே கணக்கிட்டனர் என்பது தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். யூதரின் பழைய முறையில் மூன்று காவல் வேளைகளே இருந்தன. மத்தேயு 14:25 இல் இயேசு கடல்மேல் நடந்து சீடரிடம் வந்தது நான்காம் சாமத்தில், அதாவது அதிகாலை மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில். இரவு முழுக்க எதிர்க்காற்றில் வள்ளம் வலித்துக் களைத்த வேளை அது. கடலுக்குப் போய் வருகின்ற வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த நேரத்து உடம்பு எப்படி இருக்கும் என்று தெரியும்.

மாற்குவின் இந்த நான்கு வேளைகளும் அடுத்த அதிகாரத்திலிருந்து இயேசுவின் பாடுகளின் இரவாக விரிகின்றன என அறிஞர்கள் எடுத்துக்காட்டுவர். மாலையில் இறுதி இராவுணவு. இரவில் கெத்சமனியும் கைது செய்யப்படுதலும். சேவல் கூவும்போது பேதுருவின் மறுதலிப்பு. காலையில் பிலாத்துவிடம் ஒப்படைக்கப்படுதல். தலைவர் வரும் வேளைகளைப் பற்றி எச்சரிக்கப்பட்ட சீடர்கள் அந்த வேளைகள் ஒவ்வொன்றிலும் தவறினார்கள்.

கெத்சமனியில் மூவர் தூங்கினார்கள் (மாற்கு 14:32-42). இங்கே இயேசு தூக்கத்தைக் கடிந்துகொள்கிறாரே, கன்னியர் உவமையோடு இது முரண்படாதா என்று கேட்கலாம். முரண்பாடு இல்லை. அங்கே எவரும் அவர்களைக் கூட இருக்கும்படி கேட்கவில்லை. இங்கே துயருற்ற ஒருவர் ஒரு மணி நேரம் தம்முடன் இருக்கும்படி கேட்டார். அந்த நேரத்தில் அவர்களுக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை அதுதான். ஆஸ்பத்திரியில் நோயாளியோடு இரவு நிற்பவர் தூங்குவதற்கும், வீட்டில் நாம் தூங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. சோதனைக்கு உட்படாதிருக்க விழித்திருந்து செபிக்கும்படி அவர் கூறியதையும் (மத்தேயு 26:41) இதனோடு சேர்த்துப் படிக்கவும். செபமும் விழிப்பும் இவ்விடத்தில் ஒரே கட்டளையின் இரு பகுதிகள்.

கள்வன் உவமை

மத்தேயு 24:43, லூக்கா 12:39, 1 தெசலோனிக்கர் 5:2 ஆகிய மூன்று இடங்களிலும் ஆண்டவரின் வருகை கள்வனின் வருகைக்கு ஒப்பிடப்படுகிறது. அணி இலக்கணம் படித்தவர்கள் இதில் தடுமாறத் தேவையில்லை. உவமானத்துக்கும் உவமேயத்துக்கும் இடையே பொதுத்தன்மை ஒன்று இருக்கும்; எல்லாத் தன்மையும் பொருந்தாது. முகத்தை நிலவுக்கு ஒப்பிட்டால் முகத்தில் களங்கம் உண்டு என்று கொள்வதில்லை. இங்கே பொதுத்தன்மை எதிர்பாராத நேரம் என்பது மட்டுமே. வருகிறவர் எதையும் பறிப்பவர் என்று பொருள் இல்லை. லூக்கா 12:37 இல், விழித்திருந்த பணியாளரைப் பந்தியில் அமர்த்தித் தாமே இடையைக் கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பரிமாறும் தலைவரைக் காண்கிறோம். எசமான் வேலைக்காரருக்குப் பரிமாறும் காட்சி அக்காலத்தில் எவரும் கேட்டிராதது. பயமுறுத்தி விழிக்கவைக்கும் கடவுளைப் பற்றி மட்டும் எழுதுவோர் இந்த வசனத்தை வாசிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

நாள் குறித்தவர்களும் வேலையை விட்டவர்களும்

அந்த நாளையும் வேளையையும் தந்தையைத் தவிர எவரும் அறியார் என்று மாற்கு 13:32 கூறுகிறது. இருந்தும் நாள் குறிப்பவர்கள் எல்லாக் காலத்திலும் தோன்றினர. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் போதனையை நம்பியவர்கள் 1844 ஒக்டோபர் 22 இல் இயேசு வருவார் எனக் காத்திருந்து ஏமாந்தனர். 2012 டிசம்பர் 21 இல் உலகம் அழியும் என்ற வதந்தி நமது ஊர்கள் வரை வந்ததைப் பெற்றோரிடம் கேட்டால் சொல்வார்கள்.

இப்பிரச்சினை ஆதித் திருச்சபையிலேயே இருந்தது. கி.பி. 50 அளவில் பவுல் தெசலோனிக்க மக்களுக்கு எழுதிய முதலாம் மடல் புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று. ஆண்டவரின் நாள் பற்றிய கலக்கம் அங்கு இருந்தது. இரண்டாம் மடலில் சிலர் உழைக்காமல் சோம்பித் திரிவது கண்டிக்கப்படுகிறது. உழைக்க மனமில்லாதவன் உண்ணலாகாது என்ற கட்டளை அங்கேதான் வருகிறது (2 தெசலோனிக்கர் 3:10). ஆகவே ஆண்டவருக்காகக் காத்திருப்பவன் தன் அன்றாட வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்பவன். 1 தெசலோனிக்கர் 5:8 இல் வரும் மார்புக்கவசம் (விசுவாசம், அன்பு), தலைச்சீரா (மீட்பின் நம்பிக்கை) ஆகியவற்றையும் மனனம் செய்துகொள்ளுங்கள். பல்தேர்வு வினாவுக்கு ஏற்ற பகுதி அது.

நமது கரையோரத்திலிருந்து ஒரு சான்று

வேதாகமப் பகுதிகளை எழுதிவிட்டு ‘இன்றைய வாழ்வில் இதனைக் கடைப்பிடித்தோர்’ என்ற பகுதிக்கு வரும்போது பலர் வெளிநாட்டுப் புனிதர்களைத் தேடுகின்றனர். நமது மண்ணிலேயே இதைவிடப் பொருத்தமான சான்று உண்டு.

1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் சீர்திருத்தச் சபையின் ஆலயத்துக்கே போகவேண்டியிருந்தது. (இது அன்றைய வர்த்தகக் கம்பனி ஆட்சியின் கொள்கை. இன்று நம்மோடு ஒரே வகுப்பில் படிக்கும் சீர்திருத்தச் சபைப் பிள்ளைகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?) ஒல்லாந்தர் கட்டிய கோட்டை கற்பிட்டியில் இன்றும் நிற்கிறது. கற்பிட்டி அவர்கள் கையில் இருக்க, களப்புக்கு அப்பால் புத்தளம் கண்டி மன்னனின் ஆட்சியின் கீழ் இருந்தது.

குருவானவர் இல்லை. திருப்பலி இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை. 1658 இல் கைக்குழந்தையாக இருந்த ஒருவர் முப்பது வயதை நெருங்கும்வரை ஒரு குருவையும் காணாமலே வளர்ந்திருப்பார். இந்நிலையில் விசுவாசத்தைக் காத்தவர்கள் யார்? வீடுகள். தாயும் பாட்டியும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த செபங்கள், இரவில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன செபமாலை ஆகியவையே அவர்களிடம் எஞ்சியிருந்தன. எப்போது குரு வருவார், வருவாரா என்பதும் அவர்களுக்குத் தெரியாது. கலத்தில் எண்ணெய் வைத்திருந்தார்கள்.

1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில், யோவான் என்ற உதவியாளருடன் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து இலங்கை வந்தார். அவர் 1651 ஏப்ரல் 21 இல் பிறந்தவர். பயணத்தில் பிடித்த வயிற்றோட்ட நோயால் யாழ்ப்பாணத்தில் சாகும் நிலைக்கு வந்து பிழைத்தார். கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிப்படையாகக் கேட்டால் பிடிபடுவார். கேட்கப்பட்டவர்களும் ஆபத்தில் விழுவர். அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். பிச்சை போட வந்தவர்களின் கண் அந்த மாலைமேல் படும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அழைப்புக் குரல் எதுவும் இல்லாமல், வாசலில் ஒரு பிச்சைக்காரர். சட்டென்று அடையாளம் காண வேண்டும். அந்த மாலை என்னவென்று பிள்ளைப் பருவத்தில் வீட்டில் கற்றுக்கொண்டவர் மட்டுமே காண முடியும். கற்காதவருக்கு அது வெறும் மணிமாலை. மணமகன் நள்ளிரவில் வருவது என்பது இதுதான். அவர் மணமகனைப் போன்ற கோலத்தில் வரவேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

அவரைக் கத்தோலிக்கர் அதிகமாக வாழ்ந்த சில்லாலைக்கு அழைத்துச் சென்றனர். அங்கிருந்து இரவுகளில் ஊர் ஊராகச் சென்று திருவருட்சாதனங்களை வழங்கினார். ஒல்லாந்தரின் நெருக்குதல் கூடியதும் 1690 இல் கண்டி அரசுக்குரிய புத்தளத்துக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றினார். நம் மாவட்டத்து மாணவர்கள் தவறவிடக்கூடாத செய்தி இது. இங்கும் பல ஆண்டுகளாகக் குருவைக் காணாத மக்கள் அவரை ஏற்றுக்கொண்டனர். 1692 இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். சிறையில் சிங்களம் கற்றார். சிறு குடிலை ஆலயமாக்கினார்.

அவர் ஓரிடத்தில் நிலைத்து இருக்க முடியாதவர். ஆகவே தான் இல்லாத நாட்களிலும் விளக்கு எரிய ஓர் ஏற்பாடு செய்தார். ஊர்தோறும் மூப்பர், அண்ணாவியார் என்போரை நியமித்தார். மூப்பர் ஆலயத்தையும் செபத்தையும் நடத்தினார். அண்ணாவியார் மறைக்கல்வி புகட்டினார். மாற்கு 13:34 இல் தலைவர் ஒவ்வொருவருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்துச் செல்வதோடு இதனை ஒப்பிட்டு எழுதினால் சிறந்த விடையாகும். ‘மூப்பர்’ என்ற சொல் இன்றும் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்குகின்றது. 1705 இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதியதும் இதே தேவைக்காகத்தான்: குரு வராத ஞாயிற்றுக்கிழமையில் வாசிக்க ஏதாவது வேண்டும்.

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளை உறவினரே காட்டில் விட்டுச் சென்றபோது அடிகளாரும் அவருடைய மருமகனான யோசப் கர்வால்யோ அடிகளாரும் மதவேறுபாடு பாராமல் அவர்களைத் தேடி உணவளித்துப் பராமரித்தனர். மத்தேயு 25:36 இன் நேரடி நிறைவேற்றம் இது. இதற்கென்று அவர்கள் முன்கூட்டித் திட்டமிட்டிருக்க முடியாது. நோய் வந்த நாளில் அவர்கள் அதற்குத் தகுதியானவர்களாக இருந்தார்கள்.

அடிகளார் 1711 ஜனவரி 16 இல் கண்டியில் மரணமானார். வாழ்நாளில் செய்யத் தவறியதை மரண வேளையில் செய்வது எளிதன்று என்று தம் உடன்குருக்களுக்கு அவர் இறுதியில் அறிவுறுத்தியதாக அவரது வரலாற்றில் காண்கிறோம். 1995 ஜனவரி 21 இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகவும் கொழும்பில் அறிவித்தனர்.

இதே போன்ற நிகழ்வு யப்பானிலும் உண்டு. அங்கு 1614 இல் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. 1644 அளவில் எஞ்சிய குருக்களும் கொல்லப்பட்டனர். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து 1865 மார்ச் 17 இல் நாகசாக்கி நகரில் புதிதாகக் கட்டப்பட்ட ஊரா ஆலயத்துக்கு உரக்காமி கிராமத்தவர் சிலர் வந்தனர். பெத்தீழான் அடிகளாரிடம் மரியன்னையின் சுரூபம் எங்கே என்று மெதுவாகக் கேட்டனர். தலைமுறை தலைமுறையாக மறைவில் காத்த விசுவாசம் அந்த ஒரு கேள்வியில் வெளிப்பட்டது. பெயர்களும் ஆண்டுகளும் நினைவில் நில்லாவிட்டால் ‘யப்பானின் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள்’ என்று எழுதினாலும் போதும்.

திடீர் மரணம் பற்றிய ஒரு கேள்வி

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் வழிபாட்டுக்கு வந்தவர்கள் குண்டுவெடிப்பில் இறந்தனர். ஹோட்டல்களில் இறந்தவர்களையும் சேர்த்து 250 க்கு மேற்பட்டோர் அன்று பலியாகினர். கட்டுவாப்பிட்டிய நமக்குத் தூரம் இல்லை. இக்கரையோரத்தில் உறவினரை இழந்த வீடுகள் உண்டு. ஆயத்தம் பற்றிய பாடத்தை நடத்தும்போது பிள்ளைகள் இதைக் கேட்காமல் விடுவதில்லை: அவர்கள் ஆயத்தமாக இருந்தார்களா? கடவுள் ஏன் காக்கவில்லை?

‘அவர்கள் ஆயத்தமில்லாததால்தான்’ என்று எவராவது சொன்னால் அது நற்செய்திக்கு நேர் எதிரானது. லூக்கா 12 இல் விழிப்பு பற்றிய உவமைகள் முடிந்தவுடன் லூக்கா 13:1-5 என்ன சொல்கிறது என்று பாருங்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியை மக்கள் இயேசுவிடம் கொண்டுவருகின்றனர். வழிபாட்டின் நடுவில் கொல்லப்பட்டவர்கள்! அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று இயேசு திட்டமாக மறுக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றியும் அவ்வாறே கூறுகிறார். பின்னர் கேட்டுக்கொண்டிருப்பவர்களை நோக்கித் திரும்பி, மனம் மாறும்படி அவர்களைக் கேட்கிறார். இறந்தவர்களைப் பற்றித் தீர்ப்புக் கூறும் வேலை நமக்கு ஒப்படைக்கப்படவில்லை. நம்மைப் பற்றிக் கேட்டுக்கொள்வதே நமது பங்கு. கடவுள் ஏன் அனுமதித்தார் என்ற கேள்விக்கு இப்பகுதி விடை தரவில்லை. விடையளித்துவிட்டதாக நீங்களும் எழுத வேண்டாம்.

வழிபாட்டில் விழிப்பு

இதனைச் சுருக்கமாக நோக்குவோம். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறில் மூன்று ஆண்டு வட்டத்தில் முறையே மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 ஆகிய அதிகாரங்களிலிருந்து விழிப்பு பற்றிய நற்செய்தி வாசிக்கப்படும். பாஸ்கா திருவிழிப்பு, எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரவை (யாத்திராகமம் 12:42) நினைவூட்டும். இஸ்ராயேலர் இடையைக் கட்டி, மிதியடி போட்டு, கையில் கோலுடன் அவசரமாக உண்ட இரவு அது. திருமுழுக்கில் பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றித் தரப்படும் மெழுகுதிரி கன்னியரின் விளக்கை ஒத்தது. கிறிஸ்தவம் பாடம் எடுப்போர் டிசம்பர் 31 இரவு ஆராதனையைக் குறிப்பிடலாம். விழிப்பு ஆராதனையை யோன் வெஸ்லி 18 ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்த சபையில் வழக்கப்படுத்தினார். இன்னொன்று: விழித்திருத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர்தான் கிரகோரி. உங்கள் வகுப்பில் அப்பெயருடைய ஒருவர் இருந்தால் அவரைப் பின்வரிசையில் தூங்க விடாதீர்கள்.

விடை எழுதும் முறை

மாதிரி வினா: “விழித்திருத்தல் என்பது அன்றாடக் கடமையில் உண்மையாய் இருத்தலாகும்.” இக்கூற்றை வேதாகம ஆதாரத்துடனும் வாழ்க்கைச் சான்றுடனும் விளக்குக.

மாதிரி விடையின் ஒரு பகுதி: மத்தேயு 25:1-13 இல் பத்துக் கன்னியரும் தூங்கினர். எனினும் ஐவர் மட்டும் முன்கூட்டியே எண்ணெய் கொண்டு சென்றிருந்தனர். எனவே விழிப்பு என்பது முன்னரே செய்து முடித்த ஆயத்தத்தில் தங்கியுள்ளது. மாற்கு 13:34 இல் தலைவர் ஒவ்வொரு பணியாளருக்கும் வேலையை ஒப்படைக்கிறார்; அவ்வேலையைச் செய்வதே அவரவர் விழிப்பு. கரைவலைத் தொழிலாளர் சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வாடியில் இருந்து வலையைப் பொத்துவதும் இத்தகைய ஆயத்தமே. கடல் அடங்கிய பின் பொத்தத் தொடங்கினால் அந்தப் பருவத்தின் மீன் போய்விடும். 1658 க்கும் 1687 க்கும் இடையில் குருக்கள் இன்றி வாழ்ந்த இலங்கைக் கத்தோலிக்கர் வீட்டுச் செபத்தின் மூலம் விசுவாசத்தைக் காத்தனர். அதனால் புனித யோசப் வாஸ் அடிகளாரின் கழுத்திலிருந்த செபமாலையை அவர்களால் அடையாளம் காண முடிந்தது.

இவ்விடையில் அதிகார, வசன எண்கள் எங்கே வருகின்றன என்று கவனியுங்கள். எண் மறந்தால் அதிகாரத்தை மட்டும் எழுதுங்கள். பிழையான எண்ணை எழுதுவதைவிட அது மேல். வலை பற்றிய உதாரணத்தை எல்லோரும் அப்படியே பிரதிபண்ண வேண்டாம். உப்பளத்தில், தென்னந்தோட்டத்தில், வெங்காயப் பாத்தியில் உங்கள் வீட்டார் செய்யும் ஆயத்தம் உங்களுக்கே தெரியும், அதை எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பத்துக் கன்னியர் உவமையில் அறிவுள்ளோருக்கும் அறிவற்றோருக்கும் இடையே நிலவிய ஒற்றுமைகள் மூன்றையும் வேறுபாடு ஒன்றையும் எழுதுக.

2. ஆண்டவரின் வருகை கள்வனின் வருகைக்கு ஒப்பிடப்படுவதன் பொதுத்தன்மை யாது? லூக்கா 12:37 இலிருந்து இக்கருத்துக்குத் துணை தேடுக.

3. இரவின் நான்கு காவல் வேளைகளைப் பெயரிட்டு, இயேசுவின் பாடுகளின் நிகழ்வுகளோடு தொடர்புபடுத்துக.

4. மூப்பர், அண்ணாவியார் ஆகியோரின் பணிகளை விளக்குக. உங்கள் பங்கில் அல்லது சபையில் இன்று அப்பணிகளை யார் செய்கின்றனர்?

5. “ஆண்டவர் விரைவில் வருகிறார், ஆகவே பரீட்சைக்குப் படிப்பது வீண்” என்று கூறும் நண்பன் ஒருவனுக்கு 2 தெசலோனிக்கர் 3 ஆம் அதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டு கடிதம் ஒன்று எழுதுக. (குறிப்பு: அவனைக் கேலி செய்யாமல் எழுதுக. அவன் சொல்வதில் முதற்பாதி விசுவாச அறிக்கையில் உள்ளதே.)